படகில் குமட்டாதவருக்கு விண்வெளியிலும் குமட்டாதா?

முதுநகர் டீச்சர் (கடலூர்):
பள்ளி அறிவியல் கண்காட்சியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எடையின்மை பற்றி வைக்கிறார்கள். பாதிப்பேர் துறைமுகத்துப் பிள்ளைகள். "எங்கப்பாவுக்கு எந்த அலையிலயும் வாந்தி வராது, ராக்கெட்ல போனாலும் வராதுல்ல?" என்கிறார்கள். சரியா? சுழல்நாற்காலியில் ஏதாவது செய்து காட்டலாமா?

செவிக்கல் (புதுச்சேரி):
அப்படிச் சொல்ல முடியாது டீச்சர். கடலில் வராதவருக்கு அங்கே வருவதும், இங்கே அவதிப்படுபவர் அங்கே நன்றாக இருப்பதும் உண்டு. பாதிக்கு மேற்பட்ட விண்வெளி வீரர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள் இந்தத் தொல்லை இருக்கிறது.

உட்செவியில் கூழ்ப்படலத்தின் மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள் உள்ளன. தரையில் தலையைச் சாய்த்தால் அவை எடையால் சரியும். மூளை சாய்வை அறியும். எடையின்மையில் எவ்வளவு சாய்த்தாலும் சரியாது. அதே உட்செவியில் திரவம் நிரம்பிய அரைவட்டக் குழல்கள் மட்டும் தலை திரும்பியதாகச் சொல்லும். படகில் எத்தனை வருடம் பழகினாலும் ஈர்ப்பு கூடவே இருந்ததால் மூளைக்கு இந்த முரண் புதிது.

தூண்டுவது பெரும்பாலும் தலையசைவுதான். அமெரிக்காவின் குறுகலான மெர்குரி, ஜெமினி விண்கலங்களில் எழாத புகார், உள்ளே நகர இடமிருந்த அப்போலோவில் எழுந்தது. 1969இல் அப்போலோ 9இல் ரஸ்டி ஷ்வைக்கார்ட் வாந்தியெடுத்ததால் அவரது விண்நடையையே சுருக்கினார்கள். தலைக்கவசத்துக்குள் வாந்தி மிதந்து மூச்சை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

சுழலி (கடலூர்):
நாற்காலிக்கு வருகிறேன். அடிச்சக்கரங்களைக் கழற்றிவிடுங்கள், உருண்டால் கவிழும். கைப்பிடி அவசியம், பக்கத்துக்கு ஒருவர் நிற்கட்டும். கண்ணைக் கட்டி, 4 விநாடிக்கு ஒரு சுற்று வீதம் சீராகச் சுற்றுங்கள். அரை நிமிடத்தில் குழலுக்குள் உள்ள திரவமும் அதே வேகத்துக்கு வந்துவிடும். சுற்றுகிற உணர்வே மங்கும். அப்போது தலையை மெதுவாகத் தோள்பக்கம் சாய்க்கச் சொல்லுங்கள். முன்னாலோ பின்னாலோ கவிழ்வதுபோல் தூக்கிப்போடும். ஆளுக்கு ஒரே ஒரு சாய்ப்புதான். முகம் வெளிறினாலோ, வியர்த்தாலோ, எச்சில் ஊறினாலோ உடனே நிறுத்துங்கள். வலிப்பு, காது, கழுத்துத் தொந்தரவு உள்ள பிள்ளைகள் வேண்டாம். சாப்பிட்ட கையோடும் வேண்டாம்.

அட்டையில் ஒன்றை மறக்காமல் எழுதுங்கள்: நாற்காலியில் துகள்கள் சரியாகச் சொல்கின்றன, தவறுவது குழல்கள். விண்ணில் நேர்மாறு.

முதுநகர் டீச்சர்:
மிக்க நன்றி. மாத்திரை போட்டுக்கொண்டு போனால் வராதா?

செவிக்கல்:
குமட்டல் தொடங்கிவிட்டால் வயிற்றின் அசைவு குறைந்துவிடும். மாத்திரை குடலுக்குப் போகாமல் அங்கேயே கிடக்கும். அதனால் புரோமெத்தசின் என்ற குமட்டல் மருந்தை 25 அல்லது 50 மில்லிகிராம் தசையில் ஊசியாகப் போடுவார்கள். தூக்கம் தருகிற மருந்து என்பதால் படுக்கப்போகும் நேரம் பார்த்துப் போடுவதுதான் வழக்கம்.