புதுப்பிப்பு: நிற்கும் உருவத்தில் தலை பெருத்து, கால் குட்டையாவது

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. மாடலைப் பார்த்து வரையும் வகுப்பில் என் உருவங்களுக்குத் தலை பெருத்து, கால் குட்டையாகிவிடுகிறது என்று கேட்டிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

முதலில் பலன் தந்தது பலகையை நிமிர்த்தச் சொன்ன யோசனை. மேசையில் படுக்கவைத்து வரைந்தால் தாளின் மேல்பாதி தள்ளிப்போய்ச் சுருங்கித் தெரிகிறது; அதை ஈடுகட்டக் கை தானாகத் தலையை நீட்டிவிடுகிறது. ஈசலில், அதாவது பலகையை நிறுத்திவைக்கும் தாங்கியில், செங்குத்தாக வைத்ததும் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

மீதியைத் தீர்த்தது தூக்குக்குண்டு. கொத்தனார் குண்டு கனம் என்பதால் நூலில் ஒரு நட்டைக் கட்டிக்கொண்டேன். ஒற்றைக் காலில் பாரம் போட்டு நிற்பவரின் கழுத்துக்குழிக்கு நேராக நூலைப் பிடித்தால், பாரம் தாங்கும் காலின் கணுக்காலை ஒட்டி வந்து விழும். தாளில் முதலில் அந்தக் கோடு, அப்புறம்தான் இடுப்புச் சாய்வு.

1860களில் பாரிஸில் மாணவர்களுக்காக அச்சாகத் தொடங்கிய ஷார்ல் பார்க் என்ற ஓவியரின் மாதிரிப் படங்களை நகலெடுப்பதும் நல்ல பயிற்சி. நிழலின் விளிம்பு கண்ணுக்குப் பிடிபட ஆரம்பித்தது. ஆனால் இந்தச் சிக்கலுக்கு அது நேரடி மருந்தில்லை. மாடலும் படமும் ஒரே அளவாகத் தெரியும் இடத்திலிருந்து ஒப்பிட்டு வரையும் சைட்-சைஸ் முறை எங்கள் அறைக்கு ஒத்துவரவில்லை. பின்னால் தள்ளி நின்று பார்க்க வேண்டும், அங்கே இன்னொருவரின் ஈசல்!

எதிர்பாராத ஒன்று: நேரம் ஆக ஆக மாடலின் இடுப்பு மெல்ல நகர்கிறது. நூல் இல்லாவிட்டால் என் கோட்டைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். இப்போது இடைவேளைக்கு முன் அவர் பாதங்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுகிறோம்.