ஒன்பது ஆண்டுகள் நின்றுபோன ஆர்.எக்ஸ்.100: எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

சிறுமலை அடிவாரம்

அனைவருக்கும் வணக்கம். திண்டுக்கல்லுக்கு அருகில் ஒரு தோட்டத்தின் மாட்டுக்கொட்டகையில் ஒன்பது ஆண்டுகளாக நின்றிருந்த 1993ஆம் ஆண்டு யமஹா ஆர்.எக்ஸ்.100 வண்டியைச் சென்ற மாதம் வாங்கினேன். கொடுத்த விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியதும், ஸ்கூட்டரில் பிளக்கைக் கழற்றித் துடைத்ததும் தவிர எனக்கு வேறு அனுபவம் கிடையாது. ஆனாலும் இந்த வண்டியை முடிந்தவரை என் கையாலேயே ஓட்டத்திற்குக் கொண்டுவர வேண்டும் என்பது ஆசை.

வந்த முதல் இரண்டு மாலைகளிலும் அறுபது எழுபது முறையாவது கிக் அடித்திருப்பேன். கிக்கர் சிக்காமல் இறங்குகிறது. காலுக்கு எதிர்ப்பும் தெரிகிறது. ஆனால் ஒருமுறைகூட வெடிக்கவில்லை. எங்கள் பகுதிப் பட்டறை ஒன்றில் காட்டியபோது, வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், ரீபோர் செய்து (சிலிண்டரின் உட்சுவரைக் குடைந்து பெரிதாக்கி), பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க்கையும் மாற்றினால்தான் தேறும் என்று சொல்லிவிட்டார்கள். அதை நம்பி நானே எஞ்சினைத் திறந்துவிடலாம் என்று இடப்பக்க மேக்னெட் (எஞ்சினோடு சுழன்று மின்சாரம் உண்டாக்கும் பாகம்) மூடியின் திருகுகளைக் கழற்ற முற்பட்டதில், ஒன்றின் தலை வழுக்கிப்போய்விட்டது. அத்துடன் நிறுத்திவிட்டு இங்கே கேட்கிறேன். எந்த வரிசையில் வேலை செய்வது? என்னிடம் ஒரு ரிங் ஸ்பேனர் செட்டும் ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரும் மட்டுமே உள்ளன.

பழைய பட்டறை

திருகு வழுக்கியது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் இந்நேரம் எஞ்சின் பல துண்டுகளாகத் தரையில் கிடந்திருக்கும். மதுரையில் நெடுங்காலம் பட்டறை வைத்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிறுத்திவைக்கப்பட்ட வண்டியில் முதலில் கெடுவது இரும்பு அன்று, பெட்ரோல் போகும் வழியும் ரப்பரும்தான். ஓடிக்கொண்டிருக்கும்போதே சத்தம் எழுப்பி நின்ற வண்டி என்றால் கிராங்க்கைச் சந்தேகிக்கலாம். ஓட்ட ஆளில்லாமல் ஓரங்கட்டப்பட்ட வண்டிக்கு அந்தச் சந்தேகம் கடைசியில்தான் வர வேண்டும்.

முதலில் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக இரண்டு தேக்கரண்டி 2டி ஆயிலை (இதுபோன்ற டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு சேர்ந்து எரியும் ஆயில்) விட்டு ஓர் இரவு அப்படியே வைத்துவிடுங்கள். ஒன்பது ஆண்டு ஈரத்தில் சிலிண்டர் சுவரில் மெல்லிய துரு படிந்திருக்கலாம். அதன்மேல் நீங்கள் அடித்த அறுபது கிக்குகள் பிஸ்டன் ரிங்குகளுக்கு நல்லதல்ல. மறுநாள் வண்டியை டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுழற்றி, பிஸ்டன் தடையில்லாமல் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். பிறகு நியூட்ரலுக்கு மாற்றி, பிளக் துளையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து, வேறொருவரைக் கிக் அடிக்கச் சொல்லுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று சீறி வெளியேறினால், முயற்சி செய்து பார்க்கப் போதுமான கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அழுத்தும் வலு) இருக்கிறது என்று பொருள். 50 மில்லிமீட்டர் உள்விட்டமும் 50 மில்லிமீட்டர் பிஸ்டன் ஓட்டமும் கொண்ட இந்தச் சிலிண்டரைப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒருமுறை குடைந்து எடுத்த உலோகத்தை மீண்டும் ஒட்டவைக்க முடியாது.

அடுத்தது ஸ்பார்க். பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, அதன் உடல் சிலிண்டர் ஹெட்டின் உலோகத்தைத் தொடும்படி, ஆனால் பிளக் துளைக்குச் சற்றுத் தள்ளி வைத்துக் கிக் அடியுங்கள்; துளைக்கு நேராக வைத்தால் வெளிவரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். நீலமாகச் சுடர்ந்தால் மின்சாரப் பக்கம் சரி. இந்த வண்டிக்கு மேக்னெட்டில் இயங்கும் சி.டி.ஐ. (ஸ்பார்க்கை உண்டாக்கும் மின்னணு அமைப்பு) என்பதால், பேட்டரி செத்திருந்தாலும் ஸ்பார்க் வரும். ஆகவே முதல் நாளே பேட்டரி வாங்க ஓட வேண்டாம்.

ஸ்பார்க்கும் கம்ப்ரஷனும் இருந்தால் மிஞ்சுவது பெட்ரோல். பத்து கிக்குக்குப் பிறகும் பிளக் உலர்ந்தே இருந்தால், கார்புரேட்டரில் அடைப்பு என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். பழைய பெட்ரோல் ஆவியாகிப் பிசினாக மாறி முதலில் அடைப்பது, மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டைத்தான், ஏனென்றால் அதன் துளை ஊசி முனையைவிடச் சிறியது. குண்டூசியால் குத்தாதீர்கள், பித்தளை ஜெட்டின் அளவே மாறிவிடும். மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பிழையால் துழாவி, கார்புரேட்டர் கிளீனர் அடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் மறுபுறம் வட்டமாகத் தெரிய வேண்டும். பக்கவாட்டில் உள்ள, காற்றின் அளவைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், அதை உள்ளே திருகி எத்தனை சுற்றில் மெதுவாக முட்டுகிறது என்று எண்ணி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எழுதாமல் நினைவை நம்பியவர்கள் என் பட்டறைக்கு வந்திருக்கிறார்கள்.

டேங்கில் துரு இருந்தால் கார்புரேட்டரைக் கழுவியது வீண். சில நட்டுகளையும் வெள்ளை வினிகரையும் உள்ளே விட்டு நன்றாகக் குலுக்கி, ஒரு நாள் ஊறவைத்து, சமையல் சோடா கலந்த தண்ணீரால் அலசி, வெயிலில் முழுவதும் காயவைத்து, உடனே சிறிது 2டி ஆயிலைச் சுழற்றி உட்சுவரில் படியவிடுங்கள். பெட்ரோல் குழாயைக் கண்டிப்பாக மாற்றுங்கள். இப்போது பங்க்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பரை ஊதவைத்துவிடும்.

அந்தத் திருகுக்கு வருகிறேன். ஜப்பானிய வண்டிகளின் திருகுத் தலையில் உள்ள பள்ளம், நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவரின் முனையோடு முழுவதும் பொருந்துவதில்லை. அதனால்தான் அது மேலேறி வழுக்குகிறது. சுத்தியலால் தட்டினால் தானே சுழலும் இம்பேக்ட் டிரைவர் ஒன்றை வாங்குங்கள். வேறெந்தக் கருவியை வாங்காவிட்டாலும் பரவாயில்லை.

தாளும் வண்டியும்

மேலே சொன்னவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் ஒரு ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் துடைத்து, பென்சிலால் தேய்த்துப் படியெடுத்து, ஆர்.சி.யுடன் ஒப்பிட்டுவிட்டீர்களா? 1985இல் வெளிவந்து 1996இல் நிறுத்தப்பட்ட இந்த மாடலுக்கு இன்றுள்ள கிராக்கியால், எஞ்சின் மாற்றப்பட்ட வண்டிகளும் திருட்டு வண்டிகளும் சந்தையில் உலவுகின்றன. 1993இல் பதிவான வண்டிக்கு முதல் 15 ஆண்டுகள் 2008இல் முடிந்து, அதன்பின் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். நிறுத்திவைத்த காலத்தில் நிச்சயம் காலாவதியாகியிருக்கும். பெயர் மாற்றத்திற்கு 29, 30ஆம் எண் படிவங்களில் விற்றவரின் கையெழுத்து வேண்டும். அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

நத்தம் சாலை

எனக்கும் இதே வண்டிதான், 1990 மாடல். நீங்கள் கேட்காத ஒன்றை, தனி டேங்கிலிருந்து 2டி ஆயிலை எஞ்சினுக்குள் தள்ளும் பம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வண்டி ஸ்டார்ட் ஆன அன்றே யாராவது உங்களிடம் இதைச் சொல்வார்கள்: "ஆயில் பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றுங்கள்." பம்ப் என்றாவது நின்றுபோய் எஞ்சின் சிக்கிவிடும் என்ற அச்சத்தில் பலரும் இதைச் செய்கிறார்கள். அந்த அச்சம் முழுவதும் தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் இருக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். சிறுமலையின் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு கியரிலேயே இறங்கும்போது, எஞ்சின் வேகமாகச் சுழன்றாலும் உள்ளே பெட்ரோல் மிகக் குறைவாகவே போகும். ஆயில் பெட்ரோலில் கலந்திருந்தால் ஆயிலும் அந்த அளவுக்கே போகும். பம்ப் அப்படியல்ல. அது எஞ்சினின் சுழற்சியோடு பிணைக்கப்பட்டிருப்பதால், ஆக்சிலேட்டர் மூடியிருந்தாலும் தன் குறைந்தபட்ச அளவைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

ஆகவே பம்பை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். ஆயில் குழாயைப் புதிதாக மாற்றி, பம்பில் உள்ள சிறு திருகைத் தளர்த்திக் குமிழி வருவது நிற்கும்வரை காற்றை வெளியேற்றுங்கள். முதல் டேங்க் முடியும்வரை பெட்ரோலிலும் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயிலைச் சேர்த்து ஓட்டுங்கள். புகை கொஞ்சம் அதிகமாகத்தான் வரும். தெருவில் ஏச்சு வாங்கத் தயாராக இருங்கள்.

சிறுமலை அடிவாரம்

மூவருக்கும் நன்றி. எண்கள் இரண்டும் ஆர்.சி.யுடன் பொருந்துகின்றன, படிவங்களில் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். கட்டைவிரலைக் காற்று நன்றாகவே தள்ளியது, ஸ்பார்க்கும் நீலமாக வந்தது, பிளக் மட்டும் உலர்ந்திருந்தது. கார்புரேட்டரைத் திறந்தபோது, பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் பச்சையும் பழுப்புமாக ஏதோ உறைந்து கிடந்தது. பைலட் ஜெட்டில் வெளிச்சமே தெரியவில்லை. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அதற்கே போயிற்று. மாலையில் நான்காவது கிக்கில் வண்டி உயிர்பெற்றது. வீட்டிலுள்ளவர்கள் அனைவரும் வெளியே ஓடிவந்தார்கள், புகையைப் பார்த்து உள்ளே ஓடிப்போனார்கள்.

இப்போது வேறொரு சிக்கல். ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டு விட்டால் எஞ்சின் உடனே அடங்குவதில்லை. உயர்ந்த வேகத்திலேயே சில நொடிகள் சுற்றிவிட்டு, பிறகு மெதுவாக இறங்குகிறது. ஆக்சிலேட்டர் கேபிள் சிக்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டேன்.

பழைய பட்டறை

எஞ்சினை உடனே நிறுத்துங்கள், இதைச் சரிசெய்யும்வரை ஓட்ட வேண்டாம். எங்கோ ஓரிடத்தில் கார்புரேட்டரைத் தாண்டிக் காற்று உள்ளே போகிறது. காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்தால் டூ ஸ்ட்ரோக்கில் சூடு ஏறும். அத்துடன் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துவிடும். அப்போதுதான் அந்தப் பட்டறையில் சொன்ன ரீபோர் உண்மையாகவே தேவைப்படும்.

காற்று புகக்கூடிய இடங்கள் இரண்டு. கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் ஜாயிண்ட்டைக் கழற்றி, வெயிலில் வைத்து விரலால் வளைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தாலும் மாற்ற வேண்டும். அது நன்றாக இருந்தால், அடுத்தது மேக்னெட்டுக்குப் பின்னால் உள்ள இடப்பக்கக் கிராங்க் ஆயில் சீல் (கிராங்க்கைச் சுற்றிக் காற்று புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்). நெடுநாள் நின்ற வண்டியில் அதன் உதடு காய்ந்து கிராங்க்கை விட்டு விலகியிருக்கும். மேக்னெட்டை இந்த வண்டிக்கென்றே உள்ள புல்லரால் (இழுத்துக் கழற்றும் கருவி) மட்டும் இழுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினாலோ சுத்தியலால் அடித்தாலோ கிராங்க் கோணிவிடும். சீலை மாற்ற எஞ்சினை இரண்டாகப் பிளக்க வேண்டியதில்லை, வெளியிலிருந்தே மாற்றலாம். வலப்பக்கச் சீலுக்கு அறிகுறி வேறு: கியர் ஆயில் குறைந்துகொண்டே போகும், வெள்ளைப் புகை நிற்கவே நிற்காது. முதல் டேங்க்கில் நீங்கள் ஆயில் கலந்திருப்பதால், இப்போதைக்குப் புகையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கியர் ஆயிலின் அளவைக் குறித்துவையுங்கள்.

காத்திருக்கும் நாட்களில் பிரேக்கைப் பாருங்கள். டிரம்முக்குள் இருக்கும் தூளை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள்: 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அத்தனை பழைய டயரில் மலையேறக் கூடாது.

சிறுமலை அடிவாரம்

ஜாயிண்ட்டின் அடிப்பக்கத்தில், கார்புரேட்டர் மறைத்திருந்த இடத்தில், நகம் அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்தது. புதியதைப் போட்டதும் வேகம் இறங்குவது வெகுவாகச் சீரடைந்துவிட்டது. ஆனால் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு இன்னும் சற்றே தயங்குகிறது. எனவே இடப்பக்கச் சீலையும் மாற்றிவிடுவதென்று முடிவெடுத்து, புல்லருக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். வழுக்கிய திருகை இம்பேக்ட் டிரைவர் இரண்டே தட்டில் எடுத்துவிட்டது. டயரில் உள்ள எண் 1109 என்று முடிகிறது. முன், பின் இரண்டு டயர்களுக்கும், பிரேக் ஷூவுக்கும் பணம் எடுத்து வைத்துவிட்டேன். ஆர்.சி. புதுப்பிக்க வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்பதால், இனி ஹார்னும் இண்டிகேட்டரும்தான் பாக்கி; வயரிங்கை எலி கடித்திருக்கிறது, அதற்கு ஒரு தனிக் கேள்வியோடு வருகிறேன்.