பள்ளிக்கு ஒரு வாரம் லீவு விட்டுவிட்டார்கள், பயப்பட வேண்டுமா?

தூங்காத_அம்மா

நேற்று சாயங்காலம் பள்ளியிலிருந்து மெசேஜ் வந்தது. ஃப்ளூ பரவுவதால் திங்கள் முதல் ஒரு வாரம் விடுமுறை. அவ்வளவுதான். எத்தனை பிள்ளைகளுக்குக் காய்ச்சல், எந்த வகுப்பில், எப்போதிலிருந்து, ஒன்றும் இல்லை. அடுத்த பத்து நிமிடத்தில் பெற்றோர் வாட்ஸ்அப் குழு பற்றி எரிய ஆரம்பித்துவிட்டது. ஐசியூவில் இரண்டு பிள்ளைகள் என்கிறார் ஒருவர், அது வேறு பள்ளி என்கிறார் இன்னொருவர், மூன்றாமவர் யாரோ ஒரு டாக்டர் பேசிய ஆடியோவைத் தூக்கிப் போடுகிறார், அந்த டாக்டருக்குப் பெயரும் இல்லை, ஊரும் இல்லை, ஆனால் குரலில் மட்டும் அப்படி ஒரு அவசரம்.

மகள் மூன்றாம் வகுப்பு, மகனுக்கு நாலு வயது. மகளுக்கு லேசாக இருமல், காய்ச்சல் இல்லை. இருந்தாலும் ராத்திரி முழுக்க மணிக்கொரு தடவை அவள் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டிருந்தேன், மூன்றாவது தடவை "அம்மா, தூங்க விடு" என்று திட்டிவிட்டாள். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார், சர்க்கரையும் ஆஸ்துமாவும் உண்டு, அதுதான் பெரிய பயம்.

பள்ளியை மூடினால் உண்மையிலேயே பரவுவது நிற்குமா? மூடுகிற அளவுக்கு வந்துவிட்டது என்றால் நிலைமை கைமீறிப் போய்விட்டது என்றுதானே அர்த்தம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஆடியோ மட்டும் வேண்டாம்.

கரும்பலகை

நான் ஆசிரியை, உங்கள் பள்ளி இல்லை. மூடினாலே கைமீறிவிட்டது என்று அர்த்தம் இல்லைங்க. பல தடவை காரணம் ரொம்பச் சாதாரணம், ஆசிரியர்களே பாதிப் பேர் படுத்துவிட்டால் வகுப்பில் நிற்க ஆள் இல்லை, மூடித்தான் ஆக வேண்டும். எங்களிடம் ஒரு தடவை திங்களன்று என் வகுப்பில் நாலு பேர் வரவில்லை, புதனன்று பதினொரு பேர், வெள்ளியன்று பதிவேட்டில் பாதிப் பெயருக்கு எதிரே 'இல்லை'. அன்றைக்குத்தான் மூடினார்கள். வெள்ளம் வந்த பிறகு அணை கட்டின கதை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். காலையில் ஏழு மணிக்குப் பாராசிட்டமால் கொடுத்துப் பிள்ளையை அனுப்பிவிடுகிறார்கள். முதல் இரண்டு பீரியட் பிள்ளை நன்றாகத்தான் இருக்கும். பதினொரு மணி வாக்கில் மருந்தின் வேகம் இறங்கும், கண் பளபளக்கும், காது மடல் சிவக்கும், மேசை மேல் தலையைச் சாய்த்துவிடும். நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் அனலாகக் கொதிக்கும். அந்த நாலு மணி நேரத்தில் பக்கத்துப் பிள்ளையோடு ஒரே பென்சில், ஒரே தண்ணீர் பாட்டில். இப்படி அனுப்பாமல் இருந்தாலே பாதி லீவு தேவைப்படாது என்பது என் எண்ணம்.

ஷிப்ட்_அப்பா

அந்த ஏழு மணி பாராசிட்டமால் கொடுத்த ஆள் நான்தான் டீச்சர். உங்கள் வகுப்பு இல்லை, ஆனால் கொடுத்திருக்கிறேன். எனக்கு லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள், மனைவிக்கும் அதே கதை, அந்த மாதம் ஏற்கெனவே மூன்று நாள் போயிருந்தது. தப்புதான், தெரிந்தே செய்தேன்.

ஆனால் பள்ளியை மூடுவது எங்களை மாதிரி வீட்டுக்கு என்ன என்பதையும் யோசியுங்கள். ஒரு வாரம் பிள்ளையை யாரிடம் விடுவது? தாத்தா பாட்டியிடம்தான். ஃப்ளூ யாரைப் போட்டு வாட்டும் என்று எல்லோரும் சொல்கிறார்களோ, அவர்கள் மடியிலேயே கொண்டுபோய் உட்கார வைக்கிறோம். இல்லையென்றால் நாலு வீட்டுப் பிள்ளைகளை ஒரே வீட்டில் ஒருத்தர் பார்த்துக்கொள்கிறார். அது ஒரு குட்டிப் பள்ளிதானே, டீச்சர் மட்டும் இல்லை.

பழைய_கணக்கு

மூடினால் நிற்குமா என்பதற்கு 'நிற்கும்' என்றும் சொல்ல முடியாது, 'நிற்காது' என்றும் சொல்ல முடியாது. எப்போது மூடுகிறார்கள் என்பதுதான் விஷயம். ஹாங்காங்கில் 2008 மார்ச்சில் சில குழந்தைகள் இறந்ததும் மக்கள் பதறிப்போக, தொடக்கப் பள்ளிகளை இரண்டு வாரம் மூடினார்கள். பிறகு ஆய்வாளர்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது அதனால் பெரிய பலன் எதுவும் தெரியவில்லை, மூடும் முன்பே அலை இறங்க ஆரம்பித்திருந்தது. அதே ஊர், அடுத்த வருஷம் 2009 ஜூனில் பன்றிக் காய்ச்சல் என்கிற எச்1என்1 ஃப்ளூ உள்ளூரில் பரவத் தொடங்கியதுமே தொடக்கப் பள்ளிகளை மூடிவிட்டது, அந்தத் தடவை பரவும் வேகம் குறைந்தது. 2000 ஜனவரியில் இஸ்ரேலில் ஃப்ளூ சீசன் நடுவில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், யாரும் நோய்க்காக மூடவில்லை, தானாக அமைந்த சோதனை அது. அந்த இரண்டு வாரத்தில் பிள்ளைகளுக்கு மூச்சுப்பாதைத் தொற்று என்று டாக்டர்கள் எழுதியது 42 சதவீதம் குறைந்தது, பள்ளி திறந்ததும் மறுபடி ஏறியது.

அந்த 'மறுபடி ஏறியது' முக்கியம். 2009-இல் இங்கிலாந்திலும் அதுதான் நடந்தது, கோடை விடுமுறை விட்டதும் எண்ணிக்கை சரிந்தது, செப்டம்பரில் பள்ளி திறந்தபின் இரண்டாவது அலை. லீவு விட்டால் ஃப்ளூ ஓடிப்போய்விடாது, தள்ளிப்போகும். ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஒரே நாளில் வந்து விழாமல் இருக்க அந்த அவகாசம் உதவும், அதுவும் சும்மா இல்லை.

மூடாமலே சமாளித்ததும் உண்டு. 1918 ஃப்ளூ பெருந்தொற்றில் அமெரிக்காவின் நியூயார்க், சிகாகோ, நியூ ஹேவன் மூன்று ஊர்களும் பள்ளிகளைத் திறந்தே வைத்தன. நெருக்கடியான குடியிருப்பில் பிள்ளை அடைந்து கிடப்பதைவிட, டீச்சரும் நர்சும் தினமும் பார்க்கிற வகுப்பறையில் இருப்பது மேல் என்று நியூயார்க் சுகாதார ஆணையர் வாதாடினார். தினமும் காலையில் ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்து, அறிகுறி இருந்தால் உடனே தனியே பிரித்துவிடுவார்கள். ஷிப்ட் அப்பா சொன்ன அதே கவலைதான், நூறு வருஷத்துக்கு முன்னாலேயே.

2009-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே மே 1-ஆம் தேதி 14 நாள் வரை மூடச் சொன்னது, மே 5-ஆம் தேதி மூட வேண்டாம், நோயுற்ற பிள்ளையை வீட்டில் வையுங்கள் என்று மாற்றிக்கொண்டது. நாலே நாள். முதலில் எவ்வளவு கடுமையான நோய் என்று தெரியாது, தெரிந்ததும் மாற்றினார்கள். நம் வாட்ஸ்அப் குழுவாக இருந்தால் 'இவர்களுக்கே ஒன்றும் தெரியாது' என்று எழுதியிருப்பார்கள்.

இரவுப்பணி_நர்ஸ்

குழந்தைகள் வார்டில் வேலை. வரலாறு நல்லா இருக்கு சார், நான் வீட்டுக்கு வருகிறேன்.

அக்கா, முதலில் தெர்மாமீட்டரைக் கொஞ்சம் விடுங்கள். ஃப்ளூ பெரும்பாலும் பதுங்கிப் பதுங்கி வராது. காலையில் ஓடியாடிய பிள்ளை மத்தியானம் சுருண்டுவிடும், காய்ச்சல் சட்டென்று ஏறும், உடம்பு முழுக்க வலி. தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய ஒன்றிலிருந்து நாலு நாள் ஆகும். அறிகுறிக்கு ஒரு நாள் முன்பிருந்தே பரப்பலாம், பிறகும் ஐந்து முதல் ஏழு நாள், சின்னப் பிள்ளைகளிடம் இன்னும் கொஞ்சம் நீளலாம்.

காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரின் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பிள்ளைகளுக்கு ஃப்ளூவோடு ஆஸ்பிரின் சேர்ந்தால் ரெய்ஸ் சிண்ட்ரோம் என்று மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ஆபத்து உண்டு. பாராசிட்டமால், எடைக்குத் தகுந்த அளவு. ஆன்டிபயாடிக் கேட்டு டாக்டரை நச்சரிக்காதீர்கள், அது வைரசை ஒன்றும் செய்யாது. எப்போது ஓடி வர வேண்டும் என்றால், மூச்சு வேகமாக வாங்கி விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே இழுத்தால், உதடு நீலம் பாரித்தால், எட்டு மணி நேரமாக மூத்திரம் போகவில்லை என்றால், வலிப்பு வந்தால், கூப்பிட்டால் சரியாகத் திரும்பிப் பார்க்காவிட்டால். அப்புறம் எல்லோரும் கோட்டை விடுவது ஒன்று, காய்ச்சல் விட்டு நன்றாக இருந்து மறுபடி பெரிதாக வந்தால். 'வைரல்தானே' என்று இருந்துவிடாதீர்கள்.

மாமியார் விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. சர்க்கரை, ஆஸ்துமா இரண்டும் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது, ஒசெல்டாமிவிர் மாதிரி ஃப்ளூ வைரசுக்கான மருந்து முதல் 48 மணி நேரத்தில் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். அவருடைய டாக்டரை இன்றைக்கே கூப்பிட்டு 'வந்தால் என்ன செய்ய' என்று கேட்டு வையுங்கள். இன்ஹேலரை விடக் கூடாது. தடுப்பூசி போட்டாலும் முழுப் பலன் தர இரண்டு வாரம் ஆகும், அதற்காக வேண்டாம் என்று அர்த்தம் இல்லை, கேளுங்கள்.

பள்ளி திறந்ததும் எப்போது அனுப்பலாம்? மருந்து கொடுக்காமலே காய்ச்சல் வராமல் 24 மணி நேரம். மருந்து கொடுக்காமலே. டீச்சர் சொன்ன ஏழு மணிக் கதை இங்கேதான் வருகிறது.

ஷிப்ட்_அப்பா

குத்திக் காட்டிவிட்டீர்கள் சிஸ்டர், சரி, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்த 24 மணி நேரத்தை என் மேனேஜருக்கு யார் சொல்வது?

கரும்பலகை

அதற்குப் பதில் என்னிடம் இல்லைங்க. பள்ளியில் ஒன்று செய்யலாம், வருகை விகிதத்துக்குக் கொடுக்கிற சான்றிதழை ஃப்ளூ சீசனிலாவது நிறுத்தலாம். காய்ச்சலோடு வந்து 'மிஸ், லீவே போடல' என்று பெருமையாகச் சொன்ன பிள்ளையைப் பார்த்திருக்கிறேன்.

தூங்காத_அம்மா

எல்லோருக்கும் நன்றி. பள்ளிக்கு போன் செய்து எத்தனை பேர் என்று நேராகக் கேட்டேன். தயங்கித் தயங்கி, மூன்று வகுப்புகளில்தான் அதிகம், ஆசிரியர்கள் ஆறு பேர் லீவு, ஐசியூவில் யாரும் இல்லை என்றார்கள். இதை முதல் மெசேஜிலேயே போட்டிருந்தால் நேற்று ராத்திரி நான் தூங்கியிருப்பேன். குழுவில் அதை எழுதினேன், ஆடியோ போட்டவர் மட்டும் 'மறைக்கிறார்கள்' என்கிறார்.

இதைத் தட்டச்சு செய்யும்போதே மகளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது, 101.6. வேடிக்கை என்னவென்றால் நேற்று இருந்த நடுக்கம் இப்போது இல்லை. மாமியார் உள் அறைக்கு மாறிவிட்டார், ஜன்னல் எல்லாம் திறந்தாகிவிட்டது. மருந்து கொடுத்த நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். சின்னவன் வாசற்படிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அக்காவிடம் கத்திக் கத்தி ஒரு கதை சொல்கிறான், அவள் "மெதுவா சொல்லுடா, தலை வலிக்குது" என்கிறாள்.

இரவுப்பணி_நர்ஸ்

தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள் அக்கா. கடைசி டோஸ் எத்தனை மணிக்கு?

தூங்காத_அம்மா

8.40.