வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர் கூட ஓடாத காருக்கு 14,200 ரூபா சர்வீஸ் எஸ்டிமேட், இதுல எது தேவை எது வேணாம்?

தண்டையார்பேட்டை_பெட்ரோல்:
எல்லாருக்கும் வணக்கம். 2019 மாடல் பெட்ரோல் வண்டி, செகண்ட் ஹேண்ட்ல எடுத்து ஒன்றரை வருஷம் ஆவுது. வேலைக்கு டோல்கேட்ல மெட்ரோ ஏறிடுவேன், வண்டி வாசல்லயே தான் நிக்கும், அம்மாவ ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போக வர, ஞாயித்துக்கெழமைல காசிமேடு, அவ்ளோதான். போன ஆயில் மாத்துனதுல இருந்து 14 மாசத்துல 2,800 கிலோமீட்டர் தான் ஓடிருக்கு. சர்வீஸ் சென்டர்ல ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில், இன்ஜின் ஃப்ளஷ் (உள்ளாற கெமிக்கல் ஊத்தி கழுவறது), இன்ஜெக்டர் (பெட்ரோல் பீச்சுற பாகம்) க்ளீனிங், ஏசி ஸ்ப்ரே, வீல் அலைன்மென்ட்னு எல்லாம் போட்டு 14,200 சொல்றாங்க. 10,000 ஓடுனப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுடலாமா? அம்மாவ வெச்சு ஓட்டுற வண்டி, அதான் பயமாவும் இருக்கு.

ராயபுரம்_ஷெட்:
தம்பி விட்டுடாத. 22 வருஷமா ஷெட் வெச்சிருக்கேன், நம்ம ஏரியால நின்னு கெட்ட வண்டி தான் எங்கிட்ட நெறைய வருது. வண்டியோட குடுத்த புக்ல 10,000 கிலோமீட்டர் "அல்லது" 1 வருஷம், எது முன்னாடி வருதோ அதுன்னு தான் போட்ருப்பான், அந்த "அல்லது"வ யாரும் படிக்கிறதில்ல. நீ மூணு கிலோமீட்டர் ஓட்டி ஆஃப் பண்ணிடற, இன்ஜின் முழுசா சூடாவறதுக்குள்ள நிறுத்துனா பெட்ரோலும் ஈரமும் ஆயில்லயே தங்கிடும், அது ஹைவேல 10,000 ஓடுன ஆயில விட மோசம். அதனால ஆயில், ஆயில் ஃபில்டர் உடனே மாத்து, கிரேடு உன் புக்ல என்ன இருக்கோ அது தான், கடைக்காரர் சொல்றது இல்ல. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், 2 வருஷத்துக்கு ஒருக்கா மாத்தியே ஆவணும், முன்ன ஓட்டுனவர் மாத்துன பில்லு இல்லன்னா மாத்தலன்னே வெச்சுக்கோ. ஃப்ளஷ், இன்ஜெக்டர் க்ளீனிங் ரெண்டும் வண்டி திணறாம ஓடுனா வேணாம். அலைன்மென்ட், ஸ்டீயரிங் ஒரு பக்கமா இழுத்தா மட்டும் பாரு.

இன்னொன்னு, கடல் காத்து. நாலு கதவுக்கும் அடில சின்ன சின்ன ஓட்டை இருக்கும், கண்ணாடி வழியா எறங்குற தண்ணி வெளிய போறதுக்கு. அது மண்ணு அடைச்சிடுச்சுன்னா தண்ணி உள்ளயே நின்னு கதவு அடிப்பக்கம் உள்ளாற இருந்து துருப்புடிக்கும், வெளில பெயின்ட் பொக்குளம் விடும்போது தான் தெரியும், அப்ப டின்கரிங் செலவு தான். ஒரு ஈர்க்குச்சி போதும்.

மணலி_அக்கா:
அண்ணன் சொன்னது அத்தனையும் சரி, நான் ஏர் ஃபில்டர் பத்தி மட்டும் சொல்றேன். எங்க ரோட்ல நாள் பூரா கன்டெய்னர் லாரி, புக்ல போட்ட கணக்கு இங்க செல்லாது. போன மாசம் மூடிய கழட்டி பாத்தா ஃபில்டர் மடிப்புக்குள்ள செம்மண்ணு கலர்ல புழுதி, தட்டுனா கொட்டுது. லேசா இருந்தா உள்பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா காத்தடிச்சுக்கலாம், மாத்தி அடிச்சா தூசி இன்னும் உள்ள போய் உக்காந்துக்கும். ஏசி ஃபில்டர் நெறைய வண்டில டேஷ்போர்டு டப்பா பின்னாடி தான் இருக்கும், வீட்லயே பத்து நிமிஷத்துல மாத்திடலாம். அத மாத்தாம ஸ்ப்ரே அடிச்சு பிரயோஜனம் இல்ல தம்பி, அம்மாவுக்கு மூச்சு தொந்தரவு எதாவது இருந்தா மொதல்ல அதயே பாரு.

தண்டையார்பேட்டை_பெட்ரோல்:
ரொம்ப நன்றிண்ணா, நன்றிக்கா. இப்பதான் தொடப்பத்துல ஒரு குச்சி உருவி குத்தி பாத்தேன், பின் கதவு இடது பக்கம் ஓட்டைல இருந்து டீ கலர்ல தண்ணி அரை டம்ளர் கிட்ட ஊத்துச்சு, மழை பேஞ்சு எத்தன நாளாச்சு! மனசே கேக்கல. காலைல மொத தடவ பிரேக் புடிக்கும்போது கர்ர்ருன்னு சத்தம் வருது, அதுவும் துருவா?

ராயபுரம்_ஷெட்:
ரெண்டு மூணு பிரேக்ல சத்தம் நின்னுட்டா டிஸ்க் மேல புடிச்ச மேல்துரு, பயப்படாத. நிக்கலன்னா பிரேக் பேடு பாக்கணும். வாரக்கணக்கா நிறுத்தறப்ப ஹேண்ட்பிரேக் போடாத, பின் சக்கரத்துல பிரேக் ஒட்டிக்கும், கியர்ல விட்டு சக்கரத்துக்கு கல்லு வெய்யி. வாரத்துக்கு ஒரு தடவ அரை மணி நேரமாச்சும் ஓட்டு, நின்ன எடத்துல ஆன் பண்ணி வெச்சா போதாது.

வியாசர்பாடி_ஜீவா:
மழை பத்தி ஒரு வார்த்த. சப்வேல தண்ணில வண்டி நின்னுடுச்சுன்னா திரும்ப ஸ்டார்ட் மட்டும் பண்ணிடாதீங்க, சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தா பிஸ்டனோட சேந்திருக்கற கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். எனக்கு ஆச்சு. தள்ளி ஓரங்கட்டிட்டு டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பாக்குற கம்பி) உருவி பாருங்க, பால் கலந்த மாதிரி இருந்தா ஆயில்ல தண்ணி கலந்துடுச்சு, அப்டி இல்லன்னாலும் சாவியத் தொடாம டோ பண்ணுங்க.

தண்டையார்பேட்டை_பெட்ரோல்:
சரிண்ணா. சனிக்கெழம ஆயில், ஆயில் ஃபில்டர், பிரேக் ஆயில் மட்டும் போடச் சொல்லிட்டேன், ஏசி ஃபில்டர் நானே மாத்திக்கறேன். டயர் பக்கவாட்டுல 0619னு இருக்கே, அது என்ன?

ராயபுரம்_ஷெட்:
2019ல ஆறாவது வாரம் செஞ்ச டயர். வண்டியோட வந்தது, பட்டன் (ரோட்ல படற மேடு பள்ளம்) நல்லா இருந்தாலும் வயசாயிடுச்சு, பக்கவாட்டுல வெடிப்பு இருக்கான்னு நகத்தால தடவி பாரு, ஸ்டெப்னியயும் சேத்து. ஃப்ளஷ்ல மிச்சமான காச அதுக்கு வெச்சுக்கோ, மழைக்கு முன்னாடி மாத்திடு.