மறு: குருத்தணுவுக்கு ‘விதி’ வேண்டாம், ‘ஆகுநிலை’ என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

> செல்லின் விதி என்றே வைத்துக்கொள்ளலாம், எல்லோருக்கும் புரியும்.

ஐயா, குருத்தணு (stem cell) போன்ற ஒரு செல் பின்னால் எந்த வகைச் செல்லாக ஆகும் என்பதைக் குறிக்கும் ‘cell fate’ என்ற சொல்லுக்கு ‘விதி’ என்று வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மெண்டலின் விதிகளைப் படித்த மாணவர் அதே புத்தகத்தில் ‘இரத்தக் குருத்தணுவின் விதி’ என்று பார்த்தால் ஏதோ சூத்திரம் வரப்போகிறது என்றுதான் நினைப்பார். ‘விதி வரைபடம்’ (fate map) இன்னும் மோசம். சரி, தலைவிதி என்ற பொருளில்தான் சொல்கிறோம் என்றால், அதுவும் நேற்று ஒருவர் முன்வைத்த ‘ஊழ்’ என்பதும் முன்பே எழுதியாயிற்று, இனி மாற்ற முடியாது என்ற எண்ணத்தைச் சுமந்துகொண்டு வருகின்றன.

நடப்பது அப்படி இல்லையே. எலும்பு மஜ்ஜையில் குருத்தணு பெரும்பாலும் பிரியாமல் உறங்கிக் கிடக்கிறது. பிரியும்போது சேய் செல்கள் இரண்டும் குருத்தணுவாகவே நிற்கலாம், ஒன்று மட்டும் நிற்கலாம், இரண்டுமே இரத்தச் செல்களாக மாறும் வழியில் போய்விடலாம். 1984இல் சுடா, ஒகாவா குழுவினர் சுண்டெலியின் இரத்த முன்னோடிச் செல் பிரிந்த உடனே இரு சேய் செல்களையும் விலக்கித் தனித்தனியே வளர்த்தார்கள். சில ஜோடிகளில் ஒரு சேய் பெருகி உண்டான கூட்டத்தில் இருந்த செல் வகைகள் மற்றதன் கூட்டத்தில் இல்லை. ஒரே தாய், ஒரே வளர்ப்பூடகம், ஆனாலும் வேறு வேறு முடிவு.

இதற்குக் காரணம் பிரியும்போதே தொடங்கிவிடுகிறதா என்பதுதான் பிறகு வந்த பெரிய கேள்வி. 2019இல் நேச்சர் இதழில் ஷ்ரோடர் குழுவினர் சுண்டெலிக் குருத்தணுக்களை நாள்கணக்கில் தொடர்ந்து படம்பிடித்துக் காட்டினார்கள்: செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் பைகளான லைசோசோம்கள் சேய் செல்களுக்குச் சமமாகப் போவதில்லை, குறைவாகப் பெற்ற சேய்தான் விழித்துக்கொண்டு வளர்சிதை மாற்றத்தைக் கூட்டுகிறது. மனிதக் குருத்தணுவிலும் செல் நுண்ணுறுப்புகளின் பங்கீடு, சேய் எதுவாகும் என்பதை முன்கூட்டிக் காட்டுகிறது என்று 2022இல் ஓர் ஆய்வு வந்தது. கவனியுங்கள், இது முன்கணிப்பு மட்டுமே. பங்கு கிடைத்த பிறகும் சுற்றியிருக்கும் செல்களும், செல்களுக்கிடையே செய்தி சொல்லும் புரதங்களான சைட்டோகைன்களும் அதன் போக்கைத் திருப்ப முடியும்.

ஆகவே எனக்கு ‘ஆகுநிலை’ பிடித்திருக்கிறது. எதுவாக ஆகுமோ அந்த நிலை, அவ்வளவே. யார் தீர்மானித்தது, எப்போது தீர்மானித்தது என்று அது எதையும் சொல்லிவிடவில்லை. ‘ஆகுபெயர்’ என்று ஏற்கெனவே பழகிய வடிவமும்கூட. கூட்டுச்சொற்களிலும் தடங்கல் இல்லை: ஆகுநிலை வரைபடம், ஆகுநிலைத் தேர்வு, ஒரு வகையின் பக்கம் சற்று சாய்ந்திருந்தால் ஆகுநிலைச் சாய்வு, திரும்ப வழியில்லாத கட்டம் வந்துவிட்டால் ஆகுநிலை உறுதிப்பாடு. இந்தக் கடைசி இரண்டையும் ‘விதி’யோடு சேர்த்துப் பாருங்கள், ‘விதி உறுதிப்பாடு’ என்பது எதைக் குறிக்கும்?

அப்புறம் ‘சமச்சீரற்ற பிரிவு’ (asymmetric division) பற்றி. சேய்கள் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கலாம், வேறுபடுவது உள்ளே கிடைத்த பங்கு. ‘சமமிலாப் பிரிவு’ போதும், வடிவத்தைப் பற்றிய நினைப்பே வராது. ஒரு செல் வகை தலைமுறை தலைமுறையாக உருவாகிவரும் வழியைக் குறிக்கும் லினியேஜுக்கு (lineage) ‘மரபுவழி’ என்று போட்டிருப்பதையும் மாற்றிவிடலாம், அது ஜீன் பக்கம் இழுக்கிறது. ‘கால்வழி’ நல்ல தமிழ், சிவப்பணுக் கால்வழி, நிணநீரணுக் கால்வழி என்று எழுதிப் பார்த்தேன், நன்றாகவே ஓடுகிறது.

‘ஆகுநிலை’க்கு மறுப்பு இருப்பவர்கள் ஒரு முழு வாக்கியத்தில் உங்கள் சொல்லைப் பொருத்தி எழுதுங்கள், தனிச்சொல்லாக மட்டும் வேண்டாம்.