ஒரே கணினி, வீட்டில் ஐந்து பேர்: டாலியை மட்டும் மற்றவர்கள் திறக்காமல் வைக்க முடியுமா?

தாராவி_கணக்கு எழுதியது:

வணக்கம். தாராவி 90 அடி ரோடு பக்கம் எங்களுக்குத் தோல் பை தைக்கும் சின்னப் பட்டறை. கீழே வேலை, மேலே வீடு. கணக்கு முழுக்க நான்தான் பார்க்கிறேன். கணினி ஒன்றே ஒன்று, விண்டோஸ் 11 ஹோம். அதில்தான் நான் டாலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளில் வரவு செலவு போடுகிறேன், மகள் பத்தாம் வகுப்புப் பாடம் பார்க்கிறாள், கொழுந்தனார் வேலைக்கு விண்ணப்பம் அனுப்புகிறார், லீவுக்கு வந்திருக்கும் அக்கா மகன் விளையாடுகிறான். எல்லோருக்கும் ஒரே லாகின், பாஸ்வேர்ட் கிடையாது.

போன வாரம் அக்கா மகன் டாலியைத் திறந்து பார்த்திருக்கிறான். அதில் எங்களிடம் தைக்கும் ஒவ்வொரு காரிகர் (தொழிலாளி) பெயரிலும் லெட்ஜர் இருக்கிறது. பெயரைத் தட்டினால் யார் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார் என்று வந்துவிடும். மறுநாள் கீழே எல்லோரும் டீ குடிக்கும்போது, "மாமா, நீங்க 18,000 பாக்கியாமே?" என்று ஒருவரிடம் கேட்டுவிட்டான். பதின்மூன்று வயதுப் பையன், மனதில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மனிதர் பதினோரு வருடமாக எங்களிடம் தைக்கிறார். மனைவியின் ஆபரேஷனுக்கு வாங்கிய பணம் அது. எனக்கும் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். கையிலிருந்த கிளாஸை அப்படியே வைத்துவிட்டு மெஷினுக்குப் போய்விட்டார். டீ ஆடை கட்டிக் கிடந்தது. அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

வீட்டு ஆட்களைச் சந்தேகப்பட்டு நான் கேட்கவில்லை. அவர் கடன் அவரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். டெஸ்க்டாப்பில் இருந்த ஐகானை எடுத்துப் பார்த்தேன். தேடும் இடத்தில் பெயரை அடித்தால் மறுபடி வந்து நிற்கிறது. மற்றவர்கள் கணினியைத் தாராளமாகப் பயன்படுத்தட்டும், டாலி மட்டும் திறக்கக் கூடாது. வழி சொல்லுங்கள்.

சயான்_சர்வீஸ் எழுதியது:

அக்கா, முதல் வேலை, எல்லோரும் ஒரே லாகினில் இருப்பதை நிறுத்துங்கள். இப்போதுள்ள லாகினை நீங்கள் வைத்துக்கொண்டு அதற்குப் பாஸ்வேர்ட் போடுங்கள். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதில் அதர் யூசர்ஸ் போய் மற்றவர்களுக்குத் தனித்தனியாக லாகின் உருவாக்குங்கள். அவை ஸ்டாண்டர்ட் யூசராக இருக்கட்டும், அட்மினாக வேண்டாம். இதிலேயே பாதிப் பிரச்சினை தீரும்: உங்கள் டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப், குரோமில் சேமித்த ஜிஎஸ்டி பாஸ்வேர்ட் எதுவும் அவர்களுக்குத் தெரியாது.

ஆனால் டாலி அவர்களுக்கும் திறக்கும். புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும் எதையும் எல்லா லாகினிலிருந்தும் ஓட்டலாம். அங்கே உள்ள டாலி ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, எடிட் என்று போய், அவர்கள் லாகின்களைச் சேர்த்து ஃபுல் கண்ட்ரோலுக்கு நேராக டினை (Deny, அதாவது அனுமதி மறு) கட்டத்தை டிக் செய்யுங்கள்.

இணையத்தில் தேடினால் ஜிபிஎடிட் (gpedit) என்ற விண்டோஸ் கருவியைச் சொல்வார்கள். அது ஹோம் பதிப்பில் கிடையாது. விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் புரோகிராம் பெயரை எழுதித் தடுக்கும் வழியும் உண்டு. அது பெயரைத்தான் பார்க்கும். காப்பி எடுத்துப் பெயரை மாற்றினால் ஓடிவிடும், பதின்மூன்று வயதுப் பையனுக்கு அதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும்.

தாராவி_கணக்கு எழுதியது:

தம்பி, செய்தேன். இப்போது எனக்கே டாலி திறக்கவில்லை! நான் அட்மின்தானே? 11-ஆம் தேதிக்குள் விற்பனைக்கான ஜிஎஸ்டி ரிட்டர்ன், ஜிஎஸ்டிஆர்-1 போட வேண்டும், கை உதறுகிறது.

மாட்டுங்கா_ஆடிட்_உதவி எழுதியது:

பதறாதீர்கள், டேட்டா பத்திரமாக இருக்கிறது. ஒவ்வொரு பெயராகச் சேர்க்காமல் 'யூசர்ஸ்' என்ற குழுவுக்கே டினை போட்டிருப்பீர்கள். அந்தக் குழுவில் நீங்களும் அடக்கம். டினை என்பது அனுமதியை மிஞ்சி நிற்கும், அட்மினுக்கும் அதே கதிதான். அதே செக்யூரிட்டி பக்கத்தில் அந்த டிக்கை எடுத்துவிட்டு, மகள், கொழுந்தனார், அக்கா மகன் என்று லாகின்களைத் தனித்தனியாகச் சேருங்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். நீங்கள் பூட்டியது புரோகிராமை மட்டும். உங்கள் வரவு செலவு டேட்டா அதற்குள் இல்லை. நிறைய கணினிகளில் டாலி பிரைம் டேட்டா, யூசர்ஸில் பப்ளிக் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். பெயரே சொல்கிறது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதற்கும் இதே டினை போடுங்கள். பேக்கப் எடுத்த பென்டிரைவ் மேஜை மேல் கிடந்தால் இந்தப் பூட்டெல்லாம் அங்கே செல்லாது. எக்ஸ்ஃபேட், ஃபேட்32 என்ற முறைகளில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் இந்த அனுமதிகள் பதிவாகாது.

அதனால் டாலிக்குள்ளேயே ஆல்ட்+கே அழுத்தி டாலிவால்ட் என்ற பாஸ்வேர்ட் பூட்டைப் போட்டுவிடுங்கள். நிறுவனத்தின் டேட்டா முழுவதையும் அது மறையாக்கம் செய்துவிடும், பட்டியலில் பட்டறைப் பெயர்கூட நட்சத்திரங்களாகத்தான் தெரியும். ஆனால் அந்தப் பாஸ்வேர்ட் மறந்தால் மீட்க வழியே இல்லை. நான் வேலை செய்த இடத்தில் ஒருவர் மறந்துவிட்டு, இரண்டு வருடக் கணக்கைப் பில் கட்டுகளிலிருந்து மறுபடி ஏற்றினோம். போடுவதற்கு முன் பேக்கப் எடுங்கள், பாஸ்வேர்டைத் தாளில் எழுதி வையுங்கள்.

சயான்_சர்வீஸ் எழுதியது:

குழு விஷயத்தை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் அக்கா, மன்னியுங்கள். கீழே யாராவது கூப்பிட்டு எழுந்து போகும்போது விண்டோஸ் விசையோடு எல் அழுத்திவிட்டுப் போங்கள். டாலி திறந்தே கிடந்தால் மற்ற எதுவும் உதவாது.

தாராவி_கணக்கு எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. திறந்துவிட்டது, ஜிஎஸ்டிஆர்-1 ஏற்றிவிட்டேன். டேட்டா நீங்கள் சொன்ன மாதிரி பப்ளிக்கில்தான் இருந்தது, அதையும் பூட்டினேன். மகள் லாகினில் போய்ப் பார்த்தேன், தேடினால் டாலி வருகிறது, தட்டினால் அனுமதி இல்லை என்கிறது.

டாலிவால்ட் நேற்று இரவு போட்டேன். பாஸ்வேர்டை எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் தகர டப்பாவில் போட்டு வீட்டுக்காரரிடம் காட்டினேன். காலையில் அந்தக் காரிகரை மேலே கூப்பிட்டு, "உங்க கணக்கை இனிமே நாங்க ரெண்டு பேர் தவிர யாரும் பார்க்க முடியாது அண்ணா" என்று திரையில் நட்சத்திரங்களைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம், தன் கணக்கை மட்டும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.