5 வயதுக் குழந்தைக்கு முதல் செல்லப்பிராணி: முயலா, லவ் பேர்ட்ஸா, மீனா?

மாடிவீடு (கேள்வி)

மகளுக்கு 5 வயது. ஏதாவது வளர்க்கணும் என்று ஒரே பிடிவாதம். வீடு மதுரையில், மூன்றாவது மாடி, தலைக்கு மேல் மொட்டை மாடி. ஏப்ரல், மே வந்தால் உள்ளே வெந்துவிடும். புழங்குவதற்கு போர் தண்ணீர், உப்பு அதிகம். குடிக்க ஆர்ஓ. பகலில் பாட்டி மட்டும் வீட்டில் இருப்பார், அவருக்கு வீசிங் உண்டு. வாடகை வீடு என்பதால் நாய், பூனை பேச்சுக்கே இடமில்லை.

கடைக்காரர் முயல் ஜோடியைக் காட்டுகிறார். ஹாம்ஸ்டர், லவ் பேர்ட்ஸ், சின்ன ஆமை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மீன் என்றால் ஒரு கண்ணாடிக் குடுவை போதுமா? குழந்தை தானே பார்த்துக்கொள்ளும் அளவுக்கு எளிதானது எது?

கப்பித்தொட்டி

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். 5 வயதுக் குழந்தை தானே பார்த்துக்கொள்ளும் பிராணி என்று ஒன்று கிடையாது. வேலை உங்களுக்கு, அதில் ஒரு சின்னப் பங்கு அவளுக்கு. உங்கள் வீட்டு வெயில், உப்புத் தண்ணீர், பாட்டியின் வீசிங் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கப்பி மீன்தான் சரி. கப்பிக்குக் கடின நீர் நன்றாகவே ஒத்துப்போகும். ஆர்ஓ தண்ணீரை மட்டும் நிரப்பினால்தான் சிக்கல்: அதில் தாது உப்பு இல்லை, அமிலத்தன்மை நிலையாக நிற்காது.

குடுவை வேண்டவே வேண்டாம். மூன்று லிட்டர் தண்ணீரில் ஒரு மீனின் கழிவு இரண்டே நாளில் அம்மோனியாவாக ஏறிவிடும். கோல்டு ஃபிஷும் வேண்டாம். கடையில் விரல் அளவு இருக்கும், நன்றாக வளர்த்தால் சாண் நீளம் வரும், கழிவும் மிக அதிகம்.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி வாங்குங்கள். விளிம்புவரை 56 லிட்டர் பிடிக்கும். மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் 47 லிட்டர். கல், கண்ணாடி எல்லாம் சேர்த்து 60 கிலோவைத் தாண்டும். பிளாஸ்டிக் ஸ்டூல், டிவி ஸ்டாண்டு எதுவும் தாங்காது. மேசை அசைகிறதா என்று குழந்தையை விட்டே தள்ளிப் பாருங்கள். தொட்டிக்கு அடியில் அரை அங்குலத் தெர்மாகோல் போடுங்கள். மேசையில் சின்ன மேடு இருந்தாலும் அந்த ஒரு புள்ளியில் அழுத்தம் விழுந்து அடிக்கண்ணாடி விரிசல் விடும். ஜன்னல் வெயில் படும் இடத்தில் வைத்தால் தண்ணீர் பச்சையாகிவிடும்.

ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப், டியூபில் ஒரு நான் ரிட்டர்ன் வால்வு. வால்வு சின்ன பிளாஸ்டிக் துண்டுதான், பலர் வாங்காமல் விட்டுவிடுவார்கள். பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்து கரண்ட் போனால், டியூப் வழியாகத் தண்ணீர் திரும்பி பம்புக்குள் இறங்கி, அங்கிருந்து பிளக் பாயிண்டுக்குப் போகும். வயரும் பிளக்கை விடக் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். வழியும் சொட்டு கீழ் வளைவிலேயே விழுந்துவிடும்.

பெரும்பாலோர் தவறுவது இனிமேல்தான்: தொட்டியும் மீனும் ஒரே நாளில் வாங்கக்கூடாது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனைக் கொல்லும், மூன்றாவது குறைந்த அளவில் பாதகமில்லை. இந்த பாக்டீரியா ஸ்பாஞ்சில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். மீன் விடாமலே ஃபில்டரை ஓடவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போடுங்கள். அழுகும் தீவனம் அம்மோனியா தரும், பாக்டீரியா அதைத் தின்று பெருகும். நீண்ட நாளாக, நோயில்லாமல் ஓடும் தொட்டியின் பழைய ஸ்பாஞ்சை வாங்கி உள்ளே பிழிந்துவிட்டால் இந்த 4 முதல் 6 வாரம் பாதியாகக் குறையும். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஏறி, மறுபடி பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகுதான் மீன். புதுத் தொட்டியில் வாரத்துக்குள் மீன் செத்தால் கடைக்காரரைத் திட்டுவார்கள், பல நேரம் காரணம் இதுதான்.

ஆண் கப்பி மட்டும் வாங்குங்கள். முதலில் 4, இரண்டு வாரம் கழித்து இன்னும் 4. கடையில் இருக்கும் பெண் மீன் பெரும்பாலும் சினையாகத்தான் வரும். ஒருமுறை சேர்ந்தாலே பல மாதத்துக்கு விந்தை உடம்பில் சேமித்து வைத்து, சுமார் 28 நாளுக்கு ஒருமுறை இருபது, முப்பது குஞ்சு போடும். ஆணுக்கு வால் பெரியது, நிறம் அதிகம், வயிற்றுக்கு அடியில் துடுப்பு விசிறியாக இல்லாமல் குச்சி மாதிரி இருக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கவரைக் கட்டு அவிழ்க்காமல் 15 நிமிடம் மிதக்க விடுங்கள். பிறகு அவிழ்த்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் தொட்டித் தண்ணீரைக் கவருக்குள் ஊற்றுங்கள், நான்கு தடவை. வலையால் மீனை மட்டும் எடுத்து விட்டுவிட்டு, கடைத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுங்கள்.

தீவனம் போடுவது மகளின் வேலை. ஆனால் டப்பாவை அவள் கையில் கொடுத்தால் முடிந்தது கதை. மருந்துக் கடையில் ஏழு நாளுக்கு ஏழு குழி உள்ள மாத்திரை டப்பா கிடைக்கும். ஞாயிறன்று நீங்கள் ஆறு குழியில் மட்டும், இரண்டு நிமிடத்தில் மீன் தின்று தீர்க்கும் அளவு போட்டு வையுங்கள். ஏழாவது குழி காலி, அன்று மீனுக்கு விரதம். அவள் தினம் ஒரு குழியைத் திறந்து கொட்டுவாள். மீனை எண்ணிச் சொல்வதும் அவள் வேலை. எண்ணிக்கை குறைந்தால் எங்கேயோ ஒன்று செத்து அழுகுகிறது என்று அர்த்தம்.

வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். போர் தண்ணீரை முதல் நாளே வாளியில் பிடித்து வைத்தால் சூடு சமமாகும். மாநகராட்சித் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் சொட்டு, லேபிளில் சொன்ன அளவில். ஸ்பாஞ்சை குழாயடியில் கழுவாதீர்கள். வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்தால் போதும்.

சிறகுக்கூண்டு

மீனைத் தொட முடியாது, கூப்பிட்டால் திரும்பாது. வீசிங் இல்லாத வீடு என்றால் நான் லவ் பேர்ட்ஸ்தான் சொல்வேன். உங்கள் வீட்டுக்கு வேண்டாம், இறகுத் தூள் பாட்டிக்கு ஆகாது. இதே கேள்வியோடு வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பெரும்பாலும் பட்ஜெரிகர், ஆஸ்திரேலியப் பறவை. வளர்க்கத் தடை இல்லை. பச்சைக்கிளி, முனியா, அணில் எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, வீட்டில் வைத்தால் குற்றம்.

வயதை நெற்றியில் பாருங்கள். தலைக் கோடுகள் மூக்குவரை இறங்கியிருந்தால் மூன்று, நான்கு மாதத்துக்கு உட்பட்ட குஞ்சு, கைக்குப் பழகும். நெற்றி வெள்ளையாகவோ மஞ்சளாகவோ கோடின்றி இருந்தால் பெரியது. இரண்டு பறவைக்குக் கூண்டு குறைந்தது 24 அங்குல நீளம், 18 அகலம், 18 உயரம். கம்பி இடைவெளி அரை அங்குலம், அதற்கு மேல் போனால் தலை மாட்டும். கூண்டோடு வரும் வழுவழு பிளாஸ்டிக் குச்சியை எடுத்துவிட்டு வேப்பங்குச்சி, கொய்யாக்குச்சி தடிப்பும் மெலிவுமாக வையுங்கள், கால் புண்ணாகாது. கூடாகப் பயன்படும் பானையைக் கட்டாதீர்கள். பானை இருந்தால்தான் முட்டை, குஞ்சு எல்லாம்.

தினை, சாமை, கொஞ்சம் கம்பு. ஒரு பறவைக்கு நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு டீஸ்பூன். மல்லித்தழை, முருங்கைக்கீரை, கூண்டு ஓரம் ஒரு கடல் நுரை (கணவாய் ஓடு). தீனிக் கிண்ணம் நிறைந்திருப்பது போல் தெரியும், ஊதிப் பாருங்கள்: மேலே முழுக்க உமி, அடியில் ஒன்றுமில்லை. இப்படித்தான் ‘தீனி இருக்கே’ என்று நினைத்துப் பட்டினி போடுகிறார்கள்.

சமையலறைப் பக்கம் கூண்டு வரக்கூடாது. காலியாக அடுப்பில் காயும் நான்ஸ்டிக் தவாவின் புகை சில நிமிடத்தில் பறவையைக் கொன்றுவிடும். கொசுவர்த்தி, சாம்பிராணியும் அதே அறையில் வேண்டாம். வெளியே விடும் முன் சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், அன்றே மருத்துவரிடம். பறவை நோயை முடிந்தவரை மறைக்கும். வெளியே தெரியும்போது பாதிக்கு மேல் போயிருக்கும்.

புல்லுக்கட்டு

முயல் வேண்டாம், குறிப்பாக அந்த ஜோடி வேண்டாம். கடையில் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவது பல நேரம் நான்கு வாரக் குட்டி. எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டியது. வீட்டில் கேரட், முட்டைகோஸ் கொடுத்ததும் வயிறு போய்ச் சாகும். முயலின் சாப்பாடு புல், அதுவே பத்தில் எட்டுப் பங்கு. இன்னொன்று, குழந்தை தூக்கினால் பயந்து பின்னங்காலால் உதைக்கும். அந்த உதையின் வேகமே அதன் முதுகெலும்பை முறித்துவிடும், கீழே விழக்கூட வேண்டியதில்லை. 30 டிகிரிக்கு மேல் தவிக்கும் உடம்பு, மதுரை மொட்டை மாடிக்குக் கீழே மே மாதம் தாங்காது. ஜோடி என்றால் சினைக்காலம் ஒரே மாதம், கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஹாம்ஸ்டர் ராத்திரி விழித்திருக்கும். பகலில் குழந்தை தட்டி எழுப்பும், அது கடிக்கும்.

மடியில் வைக்க ஏதாவது வேண்டுமென்றால் மகளுக்கு ஏழெட்டு வயதானதும் கினி பிக் (வாலில்லாத, பெரிய எலி மாதிரிப் பிராணி), இரண்டும் பெண்ணாக. அரிதாகத்தான் கடிக்கும். மனிதனைப் போலவே அதற்கும் உடம்பில் விட்டமின் சி உற்பத்தியாகாது. தினம் ஒரு துண்டு கொய்யா கொடுத்தால் போதும். கொடுக்காவிட்டால் மூட்டு வீங்கி நடக்காது. அதற்கும் வெயில் ஆகாது. முடி, புல்தூசி இரண்டும் வீசிங்கைக் கிளப்பும்.

ஆமை என்றால் எந்த ஆமை? நட்சத்திர ஆமை என்றால் சிறைக்குப் போகும் விஷயம். காதோரம் சிவப்புக் கோடு போட்டது என்றால் இன்று பத்து ரூபாய் நாணய அளவு, பின்னாளில் சாப்பாட்டுத் தட்டு அளவு, இருபது முப்பது வருட ஆயுள். தோலிலும் ஓட்டிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கும். சின்ன ஆமைகளால் குழந்தைகளுக்கு இந்த நோய் வருவதால்தான் அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமை விற்பதை 1975இல் தடை செய்தார்கள். ஏரியில் விட்டுவிடலாம் என்றும் நினைக்காதீர்கள், உள்ளூர் ஆமையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கேட்காவிட்டாலும் ஒன்று: திருவிழாக் கூடையில் வரும் கலர் கோழிக்குஞ்சு. முதல் வாரம் அதற்கு 33, 34 டிகிரி சூடு வேண்டும். பல்பு இல்லாமல் அட்டைப்பெட்டியில் வைத்தால் இரவில் விறைத்துவிடும்.

மாடிவீடு

மூவருக்கும் நன்றி. கப்பி என்று முடிவு. இரண்டு சந்தேகம். மே மாதத் தண்ணீர்ச் சூட்டை எப்படிச் சமாளிப்பது? பொங்கலுக்கு ஐந்து நாள் ஊருக்குப் போனால் தீவனம் யார் போடுவது?

கப்பித்தொட்டி

யாரும் போட வேண்டாம். ஆரோக்கியமான பெரிய கப்பி ஐந்து நாள் பட்டினி தாங்கும். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனால் பாசத்தில் கொட்டிவிடுவார்கள், திரும்பி வரும்போது தண்ணீர் பால் மாதிரி இருக்கும். கிளம்புவதற்கு முதல் நாள் கால் பங்குத் தண்ணீர் மாற்றிவிட்டுப் போங்கள்.

சூட்டுக்கு: 30 டிகிரி வரை கவலையில்லை. அதற்கு மேல் ஏற ஏற தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு கொசுவலைத் துணி கட்டுங்கள் (கப்பி குதிக்கும்), டேபிள் ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் வீசுகிறாற்போல் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டி போடாதீர்கள்.

ஃபேன் வைத்தால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் குறைந்ததை நிரப்ப மட்டும் ஆர்ஓ தண்ணீர். வாராவாரம் மாற்றுவதற்குப் போர் தண்ணீர். இரண்டுக்கும் போர் தண்ணீரே ஊற்றினால் கோடை முடிவதற்குள் உப்பு எங்கேயோ போய் நிற்கும், கண்ணாடி விளிம்பில் வெள்ளைக் கோடு கனமாகப் படிவதே அடையாளம்.

மதிய நேர மின்தடை இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால், பாட்டியிடம் சொல்லி ஒரு டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றச் சொல்லுங்கள், அரைமணிக்கு ஒருமுறை இருபது தடவை. மகள் தொட்டிக்குள் கைவிட்டால் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும், முன்னால் சோப்பு இல்லாமல், பின்னால் சோப்போடு. கையில் கீறல் இருந்தால் அன்று கை விடவே வேண்டாம்.